களைக்கு வினிகர் கேட்டு வரும் வாடிக்கையாளர்

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து பத்து நாள் ஆனதும் நமது மளிகைக் கடைகளுக்கு ஒரு தனி ரக வியாபாரம் வருகிறது. சமையலுக்கு வினிகர் வாங்கியே அறியாத வீட்டுக்காரர் வந்து நாலு பாட்டில் வினிகர் கேட்கிறார். கூடவே கல்லுப்பு மூன்று கிலோ, பாத்திரம் துலக்கும் சோப்புத் திரவம் ஒன்று, சில நேரம் சமையல் சோடா இரண்டு பாக்கெட். வீட்டில் என்ன விசேஷம் என்று விசாரித்தால் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டுகிறார். தோட்டத்தில் முளைத்த களையை விஷ மருந்து இல்லாமல், வீட்டுச் சாமானைக் கொண்டே ஒழிக்கும் முறையாம் அது.

வியாபாரம் வந்தால் வேண்டாம் என்று சொல்வாரில்லை. ஆனால் இந்தச் சரக்கு எங்கே வேலை செய்யும், எங்கே செய்யாது, எங்கே கெடுதல் செய்யும் என்பது கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். இது தெரியாமல் எங்கள் கடையில் நாங்கள் ஒரு தவறு செய்தோம். அதைச் சொல்லிவிட்டே மேலே போகிறோம்.

எங்கள் தெருக்கோடி வீட்டு அம்மா முப்பது வருஷ வாடிக்கை. மாதச் சாமான் சீட்டு அவர்கள் மாமியார் காலத்திலிருந்தே எங்களிடம்தான். சில வருஷங்களுக்கு முன் ஒரு கார்த்திகையில் வந்து, கொல்லையில் களை மண்டிவிட்டது, உப்புக் கரைத்து ஊற்றினால் போகுமாமே என்று ஐந்து கிலோ கல்லுப்புக் கேட்டார்கள். கடைப் பையன், "இன்னும் ரெண்டு கிலோ சேர்த்துப் போடுங்கம்மா, நல்லாக் கேட்கும்" என்று ஏழு கிலோவாகக் கட்டிக் கொடுத்தான். கெட்டிக்காரப் பையன் என்று நாங்களும் மெச்சினோம். களை கருகியது உண்மை. அடுத்த மழையில் அந்த உப்பு கரைந்து கறிவேப்பிலை மரத்தின் வேருக்குப் போய்ச் சேர்ந்தது. முதலில் இலை ஓரம் தீய்ந்தது, பிறகு நுனிக்கொம்பு காய்ந்தது, சித்திரைக்குள் மரமே பட்டுவிட்டது. பக்கத்திலிருந்த செம்பருத்தியும் போயிற்று. அந்த அம்மா சண்டைக்கு வரவில்லை. "உங்க கடையிலே சொல்லித்தானே போட்டேன்" என்று மட்டும் சொன்னார்கள். அடுத்த மூன்று மாதம் அவர்கள் வீட்டுச் சீட்டு எங்கள் கடைக்கு வரவில்லை.

ஆகவே உப்பிலிருந்தே தொடங்குவோம். உப்பு செடியைக் கொல்வது, ஊறுகாயில் எலுமிச்சங்காயின் நீரை இழுப்பதைப் போன்ற வேலைதான். வேரைச் சுற்றி உப்பு கூடிவிட்டால் மண்ணில் ஈரம் இருந்தும் செடியால் அதை உறிஞ்ச முடியாது. இதில் களை என்றும் பயிர் என்றும் உப்புக்கு வேற்றுமை கிடையாது. அதோடு உப்பில் உள்ள சோடியம் களிமண்ணில் ஒட்டிக்கொண்டு மண்ணை இறுக்கிவிடும். தண்ணீர் இறங்காது, காய்ந்தால் ஓடுபோல் வெடிக்கும். 2004 டிசம்பர் 26-ல் வந்த ஆழிப்பேரலைக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கத்து நிலங்களில் விவசாயிகள் பட்ட பாடு நமக்கு நினைவிருக்கும். ஒருநாள் வந்து போன கடல் நீரின் உப்பைப் போக்க, மழைத் தண்ணீரை வயலில் தேக்கித் தேக்கி வடிக்க வேண்டியிருந்தது. கொல்லையில் ஏழு கிலோ உப்புப் போடுவதும் சிறிய அளவில் அதே காரியம்தான்.

அப்படியானால் களைக்கு உப்பே உதவாதா என்றால், உதவும் இடம் ஒன்று உண்டு. பார்த்தீனியம் என்ற வெள்ளைப்பூப் பூண்டு காலி மனைகளிலும் சாலை ஓரத்திலும் மண்டுவதைப் பார்த்திருப்போம். 1950-களில் புனே பக்கம் கவனிக்கப்பட்டு, பிறகு நாடு முழுதும் பரவியது. அமெரிக்கக் கோதுமையோடு விதை கலந்து வந்தது என்று பரவலாகச் சொல்வார்கள். தானிய மூட்டையோடு வந்த சனியன் என்பதால் நம் வியாபாரத்துக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். தோலில் அரிப்பு, மூச்சிளைப்பு எல்லாம் வரவழைக்கும் செடி இது. பயிர் இல்லாத இடத்தில் இதை ஒழிக்க, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் சமையல் உப்பும் 2 மில்லி சோப்புத் திரவமும் கலந்து, பூப்பதற்கு முன் இலை நனையத் தெளிக்க வேண்டும் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. 'பயிர் இல்லாத இடம்' என்ற சொல்தான் இதில் முக்கியம். உப்பு கேட்டு வருபவரிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வியும் அது ஒன்றுதான்: பக்கத்தில் மரம், செடி, கிணறு ஏதாவது இருக்கிறதா? இருக்கிறது என்றால் உப்பைக் கொடுக்காமல் இருப்பதே நல்லது. ஒரு கிலோ கல்லுப்பில் நமக்கு நிற்கும் லாபம் என்னவென்று சொல்லத் தேவையில்லை.

வினிகர் விஷயம்

வினிகர் உப்பைப் போல் மண்ணில் தங்கி நிற்பதில்லை. அதில் உள்ள அசிட்டிக் அமிலத்தை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் சிதைத்துவிடும். அந்த வகையில் அது மேல். ஆனால் அதன் வேலை பட்ட இடத்தோடு சரி. இலையில் பட்டால் இலை வெந்து கருகும், வேருக்கு இறங்காது. கடையில் நாம் விற்கும் பாட்டிலில் அமிலம் 4 முதல் 5 சதவீதம். உணவுப் பாதுகாப்பு விதிப்படி 3.75 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. அமிலத்தைக் கரைத்துத் தயாரித்ததாக இருந்தால் 'செயற்கை' என்று சீட்டில் இருக்க வேண்டும். களைக்கு எது வாங்கினாலும் ஒன்றுதான், விலை கூடிய பழ வினிகர் வேண்டியதில்லை என்று வாடிக்கையாளரிடம் சொல்லிவிடலாம்.

அமெரிக்க வேளாண் துறையின் ஆராய்ச்சியாளர்கள் மேரிலாந்து மாநிலத்தின் பெல்ட்ஸ்வில் நிலையத்தில் இதைச் சோதித்து 2002-ல் முடிவு சொன்னார்கள். முளைத்து இரண்டு வாரத்துக்குள் இருந்த களைகளை 5, 10 சதவீத வினிகர் கொன்றது. வயதான களைக்கு அதைவிடக் காரமான வினிகர் தேவைப்பட்டது. நம் அனுபவமும் அதுவே. இரண்டு மூன்று இலை விட்ட குப்பைமேனி, அம்மான் பச்சரிசி, நாயுருவிக் கன்று எல்லாம் நல்ல வெயிலில் காலையில் அடித்தால் சாயங்காலத்துக்குள் வாடிவிடும். இடுப்பளவு வளர்ந்த நாயுருவி இலையை மட்டும் உதிர்த்துவிட்டு மறுபடி துளிர்க்கும்.

கோரைக்கும் அருகுக்கும் வினிகர் செல்லவே செல்லாது. கோரையின் உயிர் மண்ணுக்குள் மணி கோத்தாற்போல் கிடக்கும் கிழங்கில் இருக்கிறது. மேலே புல்லைக் கருக்கினால் கிழங்கு அடுத்த வாரமே புது முளை அனுப்பும். இந்தக் கோரைக்கிழங்கைத்தான் நாம் நாட்டு மருந்துச் சரக்காக, குளியல் பொடிக்கு எடை போட்டு விற்கிறோம் என்பது வேடிக்கை. அதை ஒழிக்க வினிகர் கேட்பவரிடம், களைக்கொத்தியால் அரை அடி தோண்டிக் கிழங்கோடு எடுங்கள், இரண்டு மூன்று தடவை எடுக்க வேண்டியிருக்கும் என்று சொல்வதே நேர்மை.

சோப்புத் திரவம் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். பல இலைகளின் மேல் மெழுகுபோல் ஒரு பூச்சு இருக்கிறது. தண்ணீர் அதில் உருண்டு விழுந்துவிடும். சோப்பு கலந்தால் பரவி ஒட்டும். ஒரு லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி ஏராளம். அது தனியாகக் களையைக் கொல்லும் என்று பெரிய பாட்டில் வாங்க வேண்டியதில்லை.

வினிகரில் தண்ணீர் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் இருக்கிற கொஞ்சக் காரமும் போய்விடும். அப்படியே அடித்தால் அரை லிட்டர் பாட்டில் நாலைந்து சதுர மீட்டருக்கு மேல் காணாது. ஒரு முழுக் கொல்லைக்கு இது கட்டுப்படியாகாத வைத்தியம். நடைபாதை இடுக்கு, சுவரோரம், திண்ணை விரிசல் என்றால் போதும். அங்கும் ஒரு எச்சரிக்கை உண்டு. கடப்பாக் கல்லும் சலவைக் கல்லும் சுண்ணாம்பு வகை. வினிகர் பட்டால் பளபளப்புப் போய் வெள்ளைத் திட்டு விழும், தேய்த்தாலும் போகாது. வாசலில் கடப்பாக் கல் பதித்திருப்பவருக்கு வினிகரைக் கொடுத்துவிட்டுப் பிறகு நாம் பதில் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. அந்த இடுக்குக்குக் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றச் சொல்லலாம். சோறு வடித்த கஞ்சியை ஆறவிடாமல் ஊற்றினாலும் அதே வேலைதான். சின்னக் களை அவிந்துவிடும். இதில் நமக்கு வியாபாரம் இல்லை, ஆனாலும் எங்களுக்குத் தெரிந்து இதைவிடச் சுத்தமான முறை வேறில்லை. காலில் ஊற்றிக்கொள்ளாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சேரக்கூடாத சேர்மானம்

வாடிக்கையாளர் கொண்டுவரும் சேர்மானக் குறிப்புகளில் பாதி, ஒன்றை ஒன்று முறிப்பவை. வினிகரில் சமையல் சோடா போட்டால் பொங்கிப் பொங்கி நுரைக்கும். பார்க்க வீரியமாக இருக்கும். பொங்கி முடிந்ததும் அமிலமும் போயிற்று, சோடாவின் காரமும் போயிற்று. மிச்சம் ஒருவகை உப்புத் தண்ணீர். சுண்ணாம்பும் எலுமிச்சைச் சாறும் கலக்கும் குறிப்பும் அப்படியே. கோமியம், சுண்ணாம்பு, எலுமிச்சை, கல்லுப்பு எல்லாம் கலந்து ஊற வைக்கும் கூட்டு ஒன்று கிராமப் பக்கம் பேசப்படுகிறது. அதில் களையைக் கருக்குவதில் பெரும்பங்கு உப்பினுடையது என்பதே எங்கள் எண்ணம். உப்பைப் பற்றி மேலே சொன்னது அதற்கும் பொருந்தும்.

இவை பணநஷ்டத்தோடு போகும். ஒரு சேர்மானம் உயிருக்கே ஆபத்து. பிளீச்சிங் பவுடரோடு வினிகரையோ கழிவறை ஆசிட்டையோ கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய இடத்தில் அதைச் சுவாசித்தால் நுரையீரல் வெந்துவிடும். மூன்றும் நமது கடைகளில் ஒரே அலமாரியில் இருக்கிற சரக்கு. ஒருவர் களைக்கு என்று சொல்லி இவற்றைச் சேர்த்துக் கேட்டால், கலக்கப் போகிறீர்களா என்று கேட்காமல் கட்டிக் கொடுக்கக் கூடாது.

வீட்டு வினிகர் காரம் போதவில்லை என்றதும் சிலர் கெட்டி அமிலம் தேடுகிறார்கள். சாயப்பட்டறைகளுக்கு வரும் 99 சதவீத அசிட்டிக் அமிலம் திருப்பூர் போன்ற ஊர்களில் கேன் கேனாகப் புழங்குகிறது. ஒரு லிட்டரை வாங்கித் தண்ணீர் கலந்து இருபது பாட்டில் வினிகராக்கி விற்கலாமே என்ற கணக்கு நமது வியாபாரிகள் சிலருக்கும் ஓடுவதுண்டு. கணக்கு சரிதான், காரியம் தவறு. 11 சதவீதத்தைத் தாண்டிய அமிலமே தோலைப் புண்ணாக்கும். 20 சதவீதம் கண்ணில் தெறித்தால் பார்வைக்கே மோசம். கெட்டி அமிலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தப்பித் தவறி யார் கண்ணிலாவது எந்த அமிலம் பட்டாலும், கால் மணி நேரம் ஓடும் தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்துவிட்டு உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

சட்டமும் இருக்கிறது. அமில வீச்சு வழக்கில் உச்சநீதிமன்றம் 2013 ஜூலையில் பிறப்பித்த உத்தரவுப்படி, அமிலம் விற்பவர் வாங்குபவரின் பெயர், முகவரி, அளவு எல்லாம் பதிவேட்டில் எழுத வேண்டும். புகைப்பட அடையாளச் சீட்டுப் பார்க்க வேண்டும். 18 வயது நிறையாதவருக்குக் கொடுக்கக் கூடாது. இருப்பைக் கோட்ட அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும். மீறினால் அபராதம் 50,000 ரூபாய் வரை. அந்த ஆண்டு மத்திய அரசு மாநிலங்களுக்கு அனுப்பிய மாதிரி விதிகளின் பட்டியலில் 25 சதவீதத்துக்கு மேற்பட்ட அசிட்டிக் அமிலமும் உண்டு. மளிகைக் கடைக்கு இந்தச் சரக்கு வேண்டவே வேண்டாம்.

இன்னொரு ஆசையும் வரும். வினிகர், உப்பு, சோப்பு மூன்றையும் நாமே கலந்து, பாட்டிலில் அடைத்து, 'இயற்கைக் களைக்கொல்லி' என்று சீட்டு ஒட்டினால் என்ன? சாமானாக விற்றால் அது மளிகை. களைக்கொல்லி என்று பெயர் வைத்து விற்றால் 1968-ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டம் குறுக்கே வரும். பதிவு வேண்டும், விற்பனை உரிமம் வேண்டும். 'இயற்கை' என்ற சொல்லைச் சேர்த்துவிட்டால் தப்பித்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இந்தச் சட்டம் பிறந்த கதை நம் தொழிலோடு சம்பந்தப்பட்டது. 1958-ல் ஃபோலிடால் என்ற பூச்சி மருந்து, கேரளத்துக்கு வந்த கப்பலில் உணவுச் சரக்குகளோடு ஏற்றப்பட்டு வந்தது. மருந்து கசிந்து கோதுமை மாவிலும் சர்க்கரையிலும் இறங்கியது. அதைச் சாப்பிட்டவர்களில் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அதைத் தொடர்ந்து நடந்த விசாரணையின் பலனாகத்தான் பத்து ஆண்டு கழித்துச் சட்டம் வந்தது. உணவுப் பொருள் விற்கும் கட்டடத்திலேயே பூச்சி மருந்து விற்க உரிமம் கிடையாது என்ற விதியின் காரணம் இப்போது புரியும். கொசுவர்த்திச் சுருள் மாதிரி வீட்டு உபயோகத்துக்கென்று பதிவு செய்து, முறைப்படி சீட்டு ஒட்டி வரும் பொருள்களுக்கு மட்டும் சில்லறையில் விலக்கு உண்டு.

சில ஊர்களில் களைக்கொல்லி மருந்தைப் பழைய தண்ணீர் பாட்டிலில் ஊற்றி நூறு மில்லி, இருநூறு மில்லி என்று கொடுக்கும் வழக்கம் இருந்ததை நாங்கள் கண்ணால் பார்த்திருக்கிறோம். பாராகுவாட் என்ற களைக்கொல்லியைக் குடித்துவிட்டால் அதற்கு மாற்று மருந்தே கிடையாது. கிளைபோசேட்டைப் பூச்சி ஒழிப்புத் தொழில் செய்வோர் மூலமாகவே பயன்படுத்த வேண்டும் என்று மத்திய வேளாண் அமைச்சகம் 2022 அக்டோபரில் அறிவிக்கை வெளியிட்டது. தெரிந்தவர் கேட்கிறார், ஒரு பாட்டில் வாங்கி வைப்போம் என்று அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைக்கும் நண்பர்கள் 1958-ஐ ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

சரி, தோட்டத்துக்கு உண்மையிலேயே என்னதான் சொல்வது? அதற்கான சரக்கு நம் கடையிலேயே இருக்கிறது. அதைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுக்கொண்டிருக்கிறோம். காலிச் சணல் சாக்கும் அட்டைப் பெட்டியும்தான் அது. வெயில் படாவிட்டால் எந்தக் களையும் பிழைக்காது. முதலில் களையைத் தரையோடு அறுத்துவிட்டு, அட்டையை ஒன்றன்மேல் ஒன்று ஓரம் ஏறும்படி பரப்பி, நன்றாக நனைத்து, மேலே காய்ந்த இலை, தென்னை மட்டைத் துண்டு, வைக்கோல் எது கிடைக்கிறதோ அதை நாலு விரல்கடை உயரத்துக்குப் போட்டுவிட்டால் போதும். மரத்தின் தண்டை ஒட்டிப் போடாமல் ஒரு சாண் விட வேண்டும். நாலைந்து மாதத்தில் அட்டை மக்கி மண்ணோடு சேர்ந்துவிடும், மண்புழுவும் வரும். கோரை மட்டும் சில இடங்களில் குத்திக்கொண்டு வெளியே வரும்; அதைக் கையால் எடுக்கத்தான் வேண்டும். காலி இடமாக இருந்தால் சித்திரை, வைகாசி வெயிலில் மண்ணை நனைத்துக் கண்ணாடிபோல் தெரியும் பாலிதீன் தாளால் மூடி ஓரத்தை மண் போட்டு அடைத்து, ஒரு மாதம் ஒன்றரை மாதம் விட்டால் மேல்மண்ணில் உள்ள களை விதை பெரும்பாலும் வெந்துபோகும்.

தெருக்கோடி அம்மா வீட்டுக் கொல்லையில் நாங்கள் ஆள் வைத்து, உப்புப் போட்ட இடத்தில் ஒரு அடி மண்ணை வெட்டி எடுத்து வேறு மண் கொட்டினோம். சுற்றிலும் ஜிப்சம் தூவி இரண்டு மழைக்கு விட்டோம்; ஜிப்சம் சோடியத்தை மண்ணிலிருந்து பிரித்துவிடும், தண்ணீர் அதைக் கீழே கொண்டு போய்விடும். பிறகு புதுக் கறிவேப்பிலைக் கன்று வைத்துச் சுற்றிலும் எங்கள் கடைச் சாக்கையே விரித்தோம். ஏழு கிலோ உப்பின் லாபம் அந்த ஆள்கூலியில் எத்தனையில் ஒரு பங்கு என்று எங்கள் தம்பி கணக்குப் போட்டுப் பார்த்தான். வெளியே சொல்லும்படி இல்லை.

சாக்குக் கொடுக்கும்போது சிலவற்றைக் கவனிக்க வேண்டும். அட்டையில் ஒட்டிய பிளாஸ்டிக் நாடாவையும் கம்பிப் பின்னையும் எடுத்துவிட்டுக் கொடுக்கவும். பளபளப்புப் பூச்சுள்ள அட்டை மக்காது. பிளாஸ்டிக் சாக்கு வெயிலில் நூல் நூலாகப் பிரிந்து மண்ணில் கலக்கும், அது வேண்டாம். சர்க்கரை, வெல்லம் வந்த சாக்கை உதறி அலசிக் கொடுக்காவிட்டால் தோட்டம் முழுக்க எறும்பு. உரம் வந்த சாக்கு வேறு எங்கிருந்தாவது வந்து கிடந்தால் அதைக் கொடுக்கவே கூடாது. மிளகாய் வந்த சாக்கைத் தனியே ஒதுக்கி வையுங்கள்; அதை நனைத்து விரித்தவர் கையும் கண்ணும் எரிந்து, மறுநாள் காலையில் நம் கடை வாசலில்தான் வந்து நிற்பார்.